யாரிடமும் அனுமதி கேட்காத லோகா அக்கா

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் கண்டி மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. பேசியவள் பரீனா. லோகா அக்கா வாடகைக்கு இருந்த மேல்வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி.

“அக்கா, எங்க நிக்கிறீங்க?”

“மார்க்கெட்ல. என்னா பரீனா?”

“கொஞ்சம் ஓரமா வந்து நில்லுங்க.” நான் ஓரமாக நகர்ந்தேன். “லோகா அக்கா மௌத்தாகிட்டாங்க. தேத்தண்ணி கொண்டுபோய்க் கதவத் தட்டினேன், பேச்சில்ல. எங்கிட்ட இருந்த சாவியால தொறந்து பாத்தா, தூங்குற மாதிரியே கெடக்கிறாங்க.”

கடைக்காரர் இன்னும் ரெண்டு காய் போடவா என்று கேட்டார். நான் தலையாட்டியிருக்க வேண்டும், போட்டுவிட்டார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கும் லோகா அக்காவுக்கும் சேர்த்துத்தான். ஆட்டோ பிடித்து ஹந்தானை வீதியில் ஏறி, அந்த மாடிப்படியில் கால் வைத்தபோதுதான் கையில் மரக்கறிப் பை இருப்பது தெரிந்தது. பரீனா அதை வாங்கிக் கீழே தன் வீட்டில் வைத்தாள்.

இதை வாசிப்பவர்களில் எங்கள் கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்கள் சிலர் இருப்பீர்கள். அவருக்கு நல்லவர் என்று பெயர் வைத்தவர்களும் உண்டு, வேறு விதமாகப் பேசியவர்களும் உண்டு. இரண்டு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். லோகநாயகி என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்காது. எல்லாருக்கும் அவர் லோகா அக்காதான்.

நான் மடுல்கெல்லையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கிளார்க் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்த முதல் நாள், மத்தியானம் எல்லாரும் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது என்னிடம் இருந்தது ரொட்டியும் சம்பலும். வெட்கத்தில் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“செவுத்தப் பாத்து என்னா சாப்பாடு புள்ள? செவுரு பசின்னு சொல்லிச்சா?”

திரும்பிப் பார்த்தால் நீலச் சேலையில் ஒரு பெண், கையில் சோற்றுப் பார்சலோடு. என் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, தன் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார். “எங்கம்மா சுட்டது மாதிரியே இருக்கு. நாளைக்கும் கொண்டா” என்றார். அன்றிலிருந்து நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டதில்லை.

அந்த நீலச் சேலைக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. அவருடைய கணவர் டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தவர். நான் வேலைக்கு வருவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் கடையிலேயே நெஞ்சு வலித்து விழுந்து இறந்துபோனார். மகன் சுதாகர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் நாள் கழிந்து லோகா அக்கா கலர் சேலை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்ததைப் பார்த்துக் கந்தோரில் சிலர் குசுகுசுத்திருக்கிறார்கள். ஒருத்தி நேரிலேயே கேட்டும்விட்டாள். “இது அவரு கடையிலேருந்து எனக்காக எடுத்து வந்த சேல. நான் கட்டாம வேற யாரு கட்டுவா?” என்று சொல்லிவிட்டு அக்கா வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம்.

மகனை அப்படியே தனியாளாக வளர்த்தார். அவன் படித்து, கனடாவுக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்து குடியேறினான். அக்கா ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு வந்த தனிமையைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பியதில்லை. என்னிடம் ஒரு தரம் சொன்னார்: “காலையில எந்திரிச்சு பேசுற மொத பேச்சு மீன்காரனோட. அவன் வராத அன்னைக்கு எனக்குத் தொண்டை இருக்கான்னே தெரியாது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். நானும் தனியாக இருப்பவள்தான். கல்யாணம் ஆகவில்லை, அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

சிவபாதம் ஐயா அக்காவின் வாழ்க்கைக்குள் வந்தது அந்தக் காலத்தில்தான். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவையாளராக இருந்தவர். வேலையில் இருந்தபோது வரைபடங்களோடு எங்கள் கந்தோருக்கு வந்துபோவார். அதிகம் பேசமாட்டார். எந்த வெயிலிலும் சுவெட்டர் போட்டிருப்பார். மனைவி இறந்து நீண்ட காலம். மகள் கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவர் மட்டும் கண்டியிலேயே தங்கிவிட்டார். இருவருக்கும் பிரஷர். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே நீளமான வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். சிவபாதம் ஐயா முன்னதாகவே வந்து, தன் பக்கத்து இடத்தில் குடையைக் குறுக்கே வைத்து யாரையும் உட்கார விடாமல் பிடித்துவைத்திருந்தார். அக்காவைக் கண்டதும் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ன, இண்டைக்கு மூச்சு வாங்குது? மேட்டிலை நடந்தே வந்தனீங்கள்?”

“பஸ்ஸு வரல. நீங்க எடம் புடிச்சு வச்சிருப்பீங்கன்னு தெரியும், அதான் மெதுவா வந்தேன்.”

“ஓம், நான் வைச்சிருப்பன். எப்பவும் வைச்சிருப்பன்.”

அவர் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அக்கா மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நடுவில் எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அடுத்த சில மாதங்களில் ஒரு நாள் அக்கா என் அறைக்கு வந்தார். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன் புள்ள.”

அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்தது ஒரே கேள்விதான். “இந்த வயசிலயா அக்கா?”

“இந்த வயசிலதான். சின்ன வயசுல ஆள் இல்லன்னா நாளைக்கு வரும்னு இருக்கலாம். இப்ப நாளைக்குன்னு எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

மகனிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். போனை ஸ்பீக்கரில் போட்டார். சுதாகர் முதலில் விளையாட்டென்று நினைத்தான். பிறகு கோபம் வந்துவிட்டது.

“ஊரு சிரிக்கும்மா. அப்பாவ நெனச்சுப் பாத்தீங்களா?”

“தெனமும் நெனைக்கிறேன்பா. அவரை மறந்துட்டு இவரைக் கட்டல. ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு.”

“நான் ஒத்துக்கமாட்டேன்.”

அக்கா போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். குரல் உயரவில்லை. “நான் உங்கிட்ட அனுமதி கேக்கல தம்பி. சேதி சொல்றேன். நீ சந்தோசப்பட்டா எனக்கும் சந்தோசம்.”

அவன் வைத்துவிட்டான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. தீர்மானத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை.

பதிவுக் கல்யாணம்தான். சாட்சிக்கு நானும், அவர்கள் குடிபோக வீடு பேசியிருந்த பரீனாவின் கணவரும். பதிவாளர் சிங்களவர், வயதானவர், அன்பான மனிதர். எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என்னைக் காட்டி, மணமகள் நீங்களா என்று சிங்களத்தில் கேட்டார். “இல்ல மாத்தயா, நாந்தான்” என்று அக்கா கையைத் தூக்கினார், வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல. பதிவாளர் எழுந்து நின்று இருவருக்கும் கை கொடுத்தார். வெளியே வந்தால் நல்ல மழை. பிள்ளையார் கோயிலுக்கு நனைந்துகொண்டே போனோம். பிறகு சைவக்கடையில் தோசை சாப்பிட்டோம். சிவபாதம் ஐயா தன் தோசையை விட்டுவிட்டு அக்கா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறிப்போகுது, சாப்பிடுங்க” என்று அக்கா அதட்டினார். அதுதான் அவர்களுடைய முதல் குடும்பப் பேச்சு.

பரீனா வீட்டு மாடியில் குடியேறினார்கள். சனிக்கிழமைகளில் நான் போவேன். கறிக்குப் போடும் தூளில் எப்போதும் சண்டை. அவருக்கு யாழ்ப்பாணத்து உறைப்பு வேண்டும், அக்காவுக்கு அது ஆகாது. இரண்டு சட்டியில் கறி வைத்து, கடைசியில் இவர் சட்டியிலிருந்து அவரும் அவர் சட்டியிலிருந்து இவரும் எடுத்துச் சாப்பிடுவார்கள். சாயங்காலம் இருவரும் வாவிக் கரையில் நடக்கப் போவார்கள். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் சிவபாதம் ஐயா கொஞ்சம் விலகி நடக்கப் பார்ப்பார். அக்கா அவர் சுவெட்டர் நுனியைப் பிடித்து இழுத்துப் பக்கத்திலேயே நடக்க வைப்பார்.

அந்த நாட்களில் அக்கா என்னிடம் சொன்ன ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். “முதல்ல இருந்தவரு என்னை ‘இந்தா’ன்னுதான் கூப்பிடுவாரு. நல்ல மனுசன். அப்பல்லாம் அப்படித்தான். இவரு பேரச் சொல்லிக் கூப்பிடுறாரு. அடுப்படியில நிக்கிறப்ப ‘லோகா’ன்னு ஒரு சத்தம் வருது பாரு, யாரையோ கூப்பிடுறாங்கன்னு மொதல்ல திரும்பிப் பாத்தேன்.”

அந்தச் சத்தம் நின்றுபோனது மூன்றாவது வருடம். சிவபாதம் ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அக்கா எல்லாவற்றையும் தானே செய்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பிசியோதெரபிக்கு மேட்டிலிருந்து இறக்கிக் கூட்டிப்போவது. உதவிக்கு ஆள் வைக்கலாம் என்றேன். “நீ சனிக்கிழமைல வா, போதும்” என்றார்.

காலையில் அவரைக் கதிரையில் உட்கார வைத்து, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். “லோ... சொல்லுங்க. லோ...” அவர் வாய் கோணும், கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வராது. அக்கா மறுபடி சொல்வார். நான் போன சனிக்கிழமைகளிலெல்லாம் இது நடந்தது. பார்க்கத் தாங்காமல் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். ஒரு தடவை, “ஏன்க்கா அவரை இந்தப் பாடு படுத்துறீங்க?” என்று கேட்டேன்.

“அவருக்குச் சொல்ல ஆச இருக்கு புள்ள. கண்ணப் பாத்தா தெரியுது. ஆச இருக்கிறவரை விட்டுட முடியுமா?”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. “சொல்லிட்டாரு. ‘லோ’ன்னு சொல்லிட்டாரு.” அதற்கு மேல் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. “பாதிப் பேரு போதும். மீதிய நான் வச்சுக்கிட்டேன்” என்பார் அக்கா.

அடுத்த மாரியில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டி அவர் போய்விட்டார். மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வேன் கொண்டுவந்து உடலை எடுத்துப்போனாள். அக்காவும் நானும் பஸ்ஸில் பின்னால் போனோம். செத்த வீட்டுப் பந்தல் நிறைய ஆட்கள். சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் காலஞ்சென்ற முதல் மனைவியின் பெயர் இருந்தது, அக்காவின் பெயர் இல்லை. யாரோ எங்களுக்குப் பின்வரிசையில் கதிரை காட்டினார்கள். கண்டியிலிருந்து வந்தவர்கள் என்று பக்கத்தில் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. அக்கா எழுந்தார். நான் கையைப் பிடித்தேன். “இரு புள்ள” என்று மெதுவாக விடுவித்துக்கொண்டு நேரே நடந்தார். அரிசியை எடுத்து அவர் வாயில் போட்டு, நெற்றியைத் தடவினார். பிறகு தலைமாட்டில் இருந்த மகளைப் பார்த்துச் சொன்னார்:

“ஒங்கப்பாவ ஒங்ககிட்ட இருந்து நான் எடுத்துக்கலம்மா. கொஞ்ச காலம் கூட இருந்தேன். அவ்வளவுதான்.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அழுதழுது வீங்கிய முகம். என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் பயந்தேன். அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாயில் இடம் விட்டாள். “இதிலை இருங்கோ அன்ரி” என்றாள். பெட்டியை மூடும்வரை அக்கா அங்கேதான் இருந்தார்.

திரும்பி வரும்போது தம்புள்ளையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். “பசிக்குது புள்ள. வெக்கமா இருக்கு, ஆனா பசிக்குது” என்றார். கடையில் சோறு வாங்கினோம். அவ்வளவு நேரம் அழாதவர், முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகு அக்கா மீண்டும் சிரிக்கத் தொடங்க எவ்வளவோ காலம் எடுத்தது. சில வாரங்கள் கதவையே திறக்கவில்லை. பரீனா படியில் வைத்துவிட்டு வரும் சாப்பாடு அப்படியே இருக்கும். நான் போனால் திறப்பார், பேசமாட்டார். இருவரும் ஜன்னல் வழியாக ஹந்தானை மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு கிளினிக் நாள் வந்தது. நான் வரட்டுமா என்று கேட்டேன். “வேணாம். இது நான் தனியாப் போய்ப் பழக வேண்டிய எடம்” என்றார். போனார். அடுத்த மாதமும் போனார். யாரோ கைத்தடியோடு வந்த கிழவருக்காகத் தன் பையை வைத்து வாங்கில் இடம் பிடித்துக் கொடுத்ததாக ஒரு நாள் சொன்னபோது அவர் குரலில் பழைய லோகா அக்கா கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

அதுவரை பேசாமல் இருந்த சுதாகர் போனில் கூப்பிட்டு, இனியாவது என்னோடு வந்து இருங்கள் என்றான். “நீ வந்து பாத்துட்டுப் போ தம்பி. நான் இங்கயே இருக்கேன். இங்கதான் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க” என்றாராம். அவன் வரவில்லை. வந்தது இப்போதுதான், அம்மாவுக்குக் கொள்ளி வைக்க.

மஹியாவ மயானத்திலிருந்து திரும்பிய பிறகு அவன் மாடியில் தனியாக நின்றுகொண்டிருந்தான். நான் தேநீர் கொண்டுபோனேன். அலுமாரிக்கு மேலே, பதிவுக் கல்யாணத்தன்று பரீனாவின் கணவர் எடுத்த படம் இருந்தது. மழையில் நனைந்த சுவெட்டரோடு ஒருவர், பக்கத்தில் வாய் நிறையச் சிரிக்கும் அக்கா.

“இவர்தானா?” என்று கேட்டான். அதுவரை அவர் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

“ஆமா தம்பி.”

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா சந்தோசமா இருந்தாங்களா அக்கா?”

எளிதாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் லோகா அக்காவைப் பற்றி அரைகுறையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. “சந்தோசமாவும் இருந்தாங்க, ரொம்பக் கஷ்டமும் பட்டாங்க. ரெண்டையும் வேணும்னுதான் எடுத்துக்கிட்டாங்க. நீங்க பேசாம இருந்தது அவங்களுக்கு வலிச்சுது. அதுக்காக உங்க மேல கோவமா ஒரு வார்த்த சொன்னதில்ல.” அவன் படியில் உட்கார்ந்து அழுதான். நான் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அழ வேண்டியவன் அழட்டும் என்று இருந்துவிட்டேன். போகும்போது அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

படம் போய்விட்டது. மேல்வீட்டில் வேறு யாரோ குடிவரப்போகிறார்கள். சனிக்கிழமைகள் மட்டும் எனக்கு மிச்சமிருக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். சிவபாதம் ஐயா போன பிறகு, தானே பட்டுத் தெரிந்துகொண்டு எனக்குச் சொன்னது: “விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள தனியா உக்காந்திருக்காத புள்ள. அந்த நேரத்துல வீடு பெருசாயிடும். வெளிய போய் நாலு மனுசரைப் பாத்துட்டு வா. யாரும் பேசாட்டியும் பரவால்ல.”

அவர் இருந்தவரை நான் அதைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பொழுது சாயும்போது கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி, வாவியைச் சுற்றி ஒரு நடை போய் வருகிறேன். கடலை விற்பவர், டியூஷன் விட்டுப் போகும் பிள்ளைகள், கைகோத்து நடக்கும் சோடிகள். ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. நேற்றும் அப்படித்தான். தூறல் விழத் தொடங்கியதும் திரும்பி வந்து, கதவைத் திறந்து, லைட்டைப் போட்டேன். வீடு அதன் அளவில்தான் இருந்தது.